பலகையில் ஏறாத மலை

‘அச்சில் பதிந்த தமிழகம்’ – 17

சென்ற இதழில் ரவிவர்மாவின் அச்சுக்கூடத்தில் நின்றோம். 1894இல் பம்பாயில் தொடங்கி, வீடுதோறும் லட்சுமியையும் சரஸ்வதியையும் கொண்டுபோய்ச் சேர்த்த கதை அது. அங்கிருந்து சிவகாசிக்கு வண்டி ஏறுவதுதான் வழக்கம். நான் ஜப்பான் வழியாகப் போகப் பார்க்கிறேன். சுற்றுவழிதான். ஆனால் திருவண்ணாமலை மாடவீதிக் கடைகளில் தொங்குகிற அண்ணாமலையார் காலண்டருக்கு அந்தத் தேசத்தோடும் ஓர் உறவு உண்டு. அதைச் சொல்லாமல் சிவகாசிக்குள் நுழைந்தால் கதையில் பாதி விடுபட்டுவிடும்.

1923 செப்டம்பர் 1, பகல் 11 மணி 58 நிமிடம். தோக்கியோவிலும் யோகஹாமாவிலும் மதியச் சமையலுக்கு அடுப்பு எரிந்துகொண்டிருந்த நேரம். நிலம் குலுங்கியது. வீடுகள் மரத்தாலும் காகிதத்தாலும் ஆனவை. சரிந்த வீட்டின்மேல் அடுப்புத் தீ ஏறியது. அன்று புயற்காற்று வேறு. ஏறக்குறைய 1,05,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தீயில் மாண்டவர்கள்.

அந்தத் தீயில் வாட்டனாபே ஷோசாபுரோ என்ற பதிப்பாளரின் கடையும் போயிற்று. அழிந்துகொண்டிருந்த ஜப்பானிய மரக்கட்டை அச்சுக் கலைக்குப் புதிய ஓவியர்களைத் தேடிப்பிடித்து உயிர் கொடுத்துவந்தவர் அவர். கடையில் இருந்த செதுக்கிய கட்டைகள், அச்சான தாள்கள் எல்லாம் சாம்பல். அவரிடம் படம் வரைந்துவந்த கவாசே ஹசுயி, ஊர் ஊராகச் சுற்றி வரைந்துவைத்திருந்த குறிப்பேடுகளை இழந்தார். யோஷிதா ஹிரோஷி என்பவர் அந்தக் கடைக்காக வரைந்து கொடுத்திருந்த சில படங்களின் கட்டைகளும் தப்பவில்லை. இந்த வாரக் கதாநாயகர் அவர்தான்.

யோஷிதா அப்போது 46 வயதுக்காரர். 1876இல் க்யூஷு தீவில் குருமே என்ற ஊரில் பிறந்தவர். பிறந்த குடும்பம் வேறு. இவருடைய கைத்திறனைக் கண்ட ஓவிய ஆசிரியர் ஒருவர் சுவீகாரம் எடுத்துக்கொண்டதால் யோஷிதா ஆனார். மேல்நாட்டு முறையில் தைல வண்ணமும் நீர்வண்ணமும் பழகி, அதற்குள் பெயரும் பெற்றிருந்தார். மரக்கட்டை அச்சு அவருக்கு ஓரத்தொழில்தான். நிலநடுக்கத்துக்குப் பிறகு, வீடிழந்த நண்பர்களின் ஓவியங்களையும் தம்முடையவற்றையும் எடுத்துக்கொண்டு, விற்றுப் பணம் திரட்ட அமெரிக்கா போனார். உடன் மனைவி ஃபூஜியோ, அவரும் ஓவியர். அங்கே அவர் கண்டது ஒன்று: தைல ஓவியங்களைப் பார்த்துவிட்டு நகர்ந்தவர்கள், மரக்கட்டை அச்சுப் படங்களுக்குக் காசு எடுத்தார்கள். ஊர் திரும்பியதும், 1925இல், சொந்தப் பட்டறை போட்டார். நிலம் குலுங்காமல் இருந்திருந்தால் இவர் கடைசிவரை தைல ஓவியராகவே இருந்திருப்பார் என்பது என் கணிப்பு.

அந்தப் பட்டறையில் வேலை எப்படி நடந்தது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஓவியர் கோட்டுப் படத்தை மெல்லிய தாளில் வரைந்து தருவார். அதைக் குப்புறத் திருப்பி, மலைச்செர்ரி மரப்பலகையில் ஒட்டுவார்கள். செதுக்குபவர் கோட்டை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தைக் கல்லி எடுப்பார். அதுதான் தாய்க்கட்டை. பிறகு நிறத்துக்கு ஒரு கட்டை. எல்லாக் கட்டையிலும் தாளின் மூலையும் விளிம்பும் உட்காரச் சின்னப் பள்ளம் வெட்டியிருக்கும்; அது மயிரிழை தப்பினாலும் படம் கெட்டது. மை எல்லாம் தண்ணீரில் கரைத்தது. கூடவே கொஞ்சம் அரிசிக் கூழ். அச்சு இயந்திரம் கிடையாது. முறுக்கிய மூங்கில் மடல் கயிற்றைச் சுருட்டி, மூங்கில் மடலாலேயே மூடிய வட்டத் தேய்ப்பானால், தாளின் முதுகில் கையை அழுத்தித் தேய்ப்பார்கள். வானம் மேலே கருநீலமாகவும் கீழே வெளுப்பாகவும் இறங்க வேண்டுமா? கட்டையில் மையை ஒரு பக்கம் கூட்டி, மறுபக்கம் ஈரத்துணியால் துடைத்து, ஒவ்வொரு தாளுக்கும் அதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

பழைய நாளில் பத்துப் பதினைந்து பதிப்பில் ஒரு படம் முடிந்தது. யோஷிதா முப்பதுக்கு மேல் போனார். சில படங்களில் அதையும் வெகுவாகத் தாண்டினார். செதுக்குபவரையும் அச்சிடுபவரையும் பக்கத்தில் நின்று விரட்டினார். தேவைப்பட்டால் உளியைத் தாமே வாங்கிக்கொண்டார். தம் மேற்பார்வையில் அச்சான தாளின் ஓரத்தில் அதற்கென்று ஒரு முத்திரை. இன்று அவர் படம் ஏலத்துக்கு வந்தால் வாங்குபவர் முதலில் தேடுவது அதைத்தான்.

நம்மூரிலும் மரக்கட்டைப் படம் இல்லாமல் இல்லை. சென்னைக் கந்தசாமி கோயில் சந்தையிலும் கொத்தவால் சாவடியிலும் விற்ற ‘பெரிய எழுத்து’க் கதைப் புத்தகங்களில் இருந்தவை அவைதான். இத்தொடரின் ஆரம்ப வாரங்களில் அவற்றைப் பார்த்தோம். ஒரே கறுப்பு, ராஜா ஒரு பக்கம், குதிரை ஒரு பக்கம். பின்னால் வானம் என்று ஒன்று இருந்ததே இல்லை.

யோஷிதாவுக்கு வானம்தான் எல்லாம். அவர் மலையேறி. கோடைகளில் ஜப்பானிய ஆல்ப்ஸ் மலைகளில் கூடாரம் போட்டுக் கிடப்பார். 1926இல் பிறந்த இரண்டாவது மகனுக்கு ஹொதாகா என்று ஒரு சிகரத்தின் பெயரையே வைத்தார். அதே ஆண்டு பாய்மரப் படகுகளை வைத்து அவர் செய்த வரிசை இன்றும் ஓவிய மாணவர்களுக்குப் பாடம். ஒரே கட்டைகள், மையை மட்டும் மாற்றி மாற்றிக் காலை, முற்பகல், பிற்பகல், மூடுபனி, மாலை, இரவு என்று ஆறு படங்கள் எடுத்தார். படகும் கடலும் அசையவில்லை. பொழுது மட்டும் நகர்ந்தது.

இயற்கையின் பலத்தைச் சொல்லும் படம் எது என்று கேட்டால் நான் அவருடைய 1928ஆம் ஆண்டு ‘நீர்ச்சுழிப்பு’ப் படத்தைக் காட்டுவேன். அகலம் 80 சென்டிமீட்டருக்கு மேல். மரக்கட்டை அச்சுக்கு அது ராட்சச அளவு. மலையாறு பாறைகளில் மோதி நுரைத்து வருகிறது. ஆள் இல்லை, படகு இல்லை, கோயில் இல்லை. தண்ணீரின் ஒவ்வொரு வளைவும் மரத்தில் உளியால் எடுத்தது என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால் கண் வலிக்கும்.

உலகம் முழுக்கத் தெரிந்த ஜப்பானிய அலை ஒன்று உண்டல்லவா, ஹொக்குசாயின் கனகாவா பேரலை? 1831 வாக்கில் வந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு நம் பத்திரிகைகளிலும் அது சுனாமிப் படமாக வலம்வந்தது. அது சுனாமி அல்ல, புயல் அலை என்பதே ஆய்வாளர்களில் பலருடைய கருத்து. அந்த அலையின் அடியில் மூன்று படகுகள். மீன் ஏற்றிப்போகும் விரைவுப் படகுகள். துடுப்புக்காரர்கள் குனிந்து கட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். தூரத்தில் நகத்தளவு ஃபூஜி மலை. ஹொக்குசாய்க்கு இயற்கையின் பலத்தைக் காட்ட மனிதர்கள் வேண்டியிருந்தது. நூறு ஆண்டு கழித்து யோஷிதாவுக்கு அவர்களும் தேவைப்படவில்லை. நவீனம் என்பது இங்கே வண்ணத்தில் இல்லை. ஆளை நீக்கிய துணிச்சலில் இருக்கிறது.

இந்த மனிதர் 1930 கடைசியில் கப்பல் ஏறினார், இந்தியாவுக்கு. உடன் 19 வயது மூத்த மகன் தோஷி. சில மாதங்கள் சுற்றினார்கள். தாஜ்மகாலை முழுநிலவில் பார்க்கப் பயணத்தைக் கணக்குப் பண்ணி வைத்திருந்தார்கள். டார்ஜிலிங்கிலிருந்து கஞ்சன்ஜங்காவைக் காலையிலும் பிற்பகலிலும் பார்த்து வரைந்தார்கள். காசிப் படித்துறை, உதய்ப்பூர் ஏரி அரண்மனை, அஜந்தா, எல்லோரா, சாஞ்சி, அமிர்தசரஸ் என்று போய், தெற்கே மதுரைக்கும் வந்தார்கள். ஊர் திரும்பி 1931, 1932இல் இந்தியாவும் தென்கிழக்கு ஆசியாவும் சேர்ந்த 32 படங்களை வெளியிட்டார் யோஷிதா. அதில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்த இடம் மதுரைப் பெரிய கோயிலுக்கு. திருவண்ணாமலை அந்த வரிசையில் இல்லை.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அதே குளிர்காலத்தில்தான் லண்டன் பத்திரிகையாளர் பால் பிரன்டன் இந்தியாவைச் சுற்றிக்கொண்டிருந்தார். காஞ்சிப் பெரியவர் வழிகாட்ட, திருவண்ணாமலையில் ரமணரிடம் வந்து சேர்ந்தார். 1934இல் அவர் எழுதிய புத்தகம் வந்ததும் அந்த மலையின் பெயர் மேல்நாடுகளில் பரவியது. எழுத்துக்காரர் வந்தார், படக்காரர் வரவில்லை. விழுப்புரம்–காட்பாடி ரயில் பாதை மலையடிவாரத்தை ஒட்டித்தான் போகிறது.

யோஷிதா அங்கே இறங்கியிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று யோசிப்பது வெறும் கற்பனை விளையாட்டு என்று சொல்வீர்கள். இருக்கட்டும். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடந்தவர்களுக்கு நான் சொல்ல வருவது புரியும். கிழக்கே கோயில் வாசலில் நிற்கும்போது மலை ஒற்றைச் சிகரம். 217 அடி ராஜகோபுரத்துக்குப் பின்னால் முக்கோணமாக எழும்புகிறது. தெற்கே யமலிங்கம் தாண்டி, மேற்கே வருணலிங்கம் வரும்போது அதன் தோளும் இடுப்பும் மாறுகின்றன. குபேரலிங்கத்தின் பக்கம் வந்தால் ஐந்து முகமாகத் தெரிகிறது என்று கும்பிடுகிறார்கள். இருட்டில் கிளம்பி விடியலில் முடிக்கிறவருக்கு நிறமும் மாறிக்கொண்டே வரும். ஹொக்குசாய் ஃபூஜியை வைத்துச் செய்தது இதைத்தான். ‘முப்பத்தாறு காட்சிகள்’ என்று பெயர். வரவேற்பைப் பார்த்துப் பத்துச் சேர்த்து 46 ஆக்கினார்கள். ஒரே மலை, நிற்கிற இடமும் நேரமும் மட்டும் வேறு. அதைக் கிரிவலம் என்று சொன்னால் தப்பில்லை. ஃபூஜியையும் வெள்ளை உடுத்திக் கூட்டம் கூட்டமாக ஏறிக் கும்பிட்டவர்கள்தான் அந்தப் படங்களை வாங்கியவர்களில் ஒரு பகுதியினர்.

ஒரு வித்தியாசம். ஃபூஜி உண்மையில் எரிமலை, 3,776 மீட்டர், கடைசியாக 1707இல் கக்கியது. அண்ணாமலையையும் அணைந்த எரிமலை என்று வழிகாட்டிகள் சொல்லக் கேட்கலாம், அது சரியல்ல. சுமார் 2,670 அடி உயரமுள்ள இந்த மலை, பூமியின் ஆழத்தில் இறுகி, மேலுள்ளது தேய்ந்தபின் வெளியே வந்த பழம்பாறை. வயது 200 கோடி ஆண்டுக்கு மேல். ஆனால் தலபுராணம் சொல்வதைப் பாருங்கள்: கிருத யுகத்தில் நெருப்பு, திரேதா யுகத்தில் மாணிக்கம், துவாபரத்தில் பொன், கலியில் கல். கொதித்தது குளிர்ந்து இறுகிய வரிசை. புவியியல் படிக்காதவர்கள் சொன்ன புவியியல் என்று இதை நான் ரசிப்பதுண்டு; நிரூபணமாகக் காட்ட மாட்டேன்.

மை சமாசாரம் ஒன்று பாக்கி. கார்த்திகைத் தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு உச்சியில் ஏற்றும் கொப்பரையில் ஆயிரக்கணக்கான கிலோ நெய்யும் ஆயிரம் மீட்டருக்குக் குறையாத காடாத் துணியும் எரிகின்றன. ஏற்றும் உரிமை பர்வதராஜ குலத்தாருக்கு. பதினொரு நாள் எரிந்து முடிந்தபின் கொப்பரையில் படிந்த கரியைச் சேர்த்து மையாக்கி, ஆருத்ரா தரிசனத்தன்று நடராசருக்குச் சாத்திவிட்டுப் பக்தர்களுக்குக் கொடுப்பார்கள். ஜப்பானிய தாய்க்கட்டையில் தடவும் கறுப்பு மையும் இதே பொருள்தான்: எண்ணெய் விளக்கின் அல்லது பைன் விறகின் புகைக்கரி, கூடவே விலங்குப் பசை. அங்கே அது தாளுக்குப் போயிற்று. இங்கே நெற்றிக்கு வந்தது.

அப்படியானால் நம்மிடம் இயற்கையின் பலத்தைக் காட்டும் படமே இல்லையா? உண்டு, கல்லில். சிவன் கோயில் கருவறையின் மேற்குப்புறச் சுவரில் லிங்கோத்பவரைப் பாருங்கள். அடிமுடி காணாத நெருப்புத் தூண். மேலே அன்னம், கீழே பன்றி. சோழர் காலச் சிற்பிகள் அதை எப்படிச் செய்தார்கள்? தூணின் நடுவில் நீள்வட்டமாகப் பிளந்து, உள்ளே நிற்கும் மூர்த்தியின் பாதங்களைக் காட்டாமல் விட்டார்கள். பல இடங்களில் மகுடத்தின் நுனியும் தூணுக்குள் மறைந்திருக்கும். முடிவில்லாததை முடிவை வெட்டித்தான் காட்ட முடியும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஜப்பானிய மரக்கட்டை ஓவியர் ஹிரோஷிகே மரத்தைப் பாதியில் வெட்டி, மழையைச் சட்டத்துக்கு வெளியே ஓடவிட்டதும் அதே யுக்தி. நம் சிற்பி அவருக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் வருஷம் மூத்தவர். கல்லில் செய்தது ஏன் தாளுக்கு இறங்கவில்லை என்பதுதான் கேள்வி. பதில் சிவகாசியில் இருக்கிறது.

அதற்கு முன் ஒரு கிளைக்கதை. ஜப்பான் என்றால் அந்தக் காலத் தமிழருக்கு ஒரு மயக்கம். 1905இல் ரஷ்யாவைத் தோற்கடித்த ஆசிய தேசம். பாரதி 1916இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். ஓவியத்தில் அந்த உறவு கல்கத்தா வழியாக வந்தது. 1903இல் யோகோயாமா தைக்கான், ஹிஷிதா ஷுன்சோ என்ற இருவர் கல்கத்தாவில் தாகூர் வீட்டோடு பழகினார்கள். நிறத்தை நீரில் கழுவிக் கழுவிப் படரவிடும் அவர்கள் முறையை அந்த வீட்டு ஓவியர் அவனீந்திரநாத் பிடித்துக்கொண்டார். அவர் பட்டறையில் வளர்ந்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி 1929 வாக்கில் சென்னை ஓவியப் பள்ளிக்குத் தலைவரானார். எழும்பூருக்கு ஜப்பானிய மூடுபனி இப்படி வந்தது. ஆனால் அது படித்த வீடுகளோடு நின்றது.

சாதாரண வீட்டுக்குள் நுழைந்தது தீப்பெட்டி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து கோபேயிலும் ஒசாகாவிலும் செய்த தீப்பெட்டிகள் கப்பல் கப்பலாக இந்தியாவுக்கு வந்தன. மேலே ஒட்டிய லேபிளில் யானை, புலி, கிருஷ்ணன், பிள்ளையார், சரஸ்வதி. தொடக்கத்தில் அவற்றில் பல மரக்கட்டையில் அச்சானவை, பிறகு கல்லச்சு. பிள்ளையாரை நேரில் கும்பிட்டறியாத ஒரு செதுக்குக்காரர் செர்ரிப் பலகையில் அவருடைய தும்பிக்கையை வெட்டியிருப்பார். கண்கள் கொஞ்சம் ஜப்பானியத்தனமாக இருந்தால் யாரும் சண்டைக்குப் போகவில்லை. தீபம் ஏற்றுகிற வீட்டில் நெருப்பு அந்தப் பெட்டியிலிருந்துதான் வந்தது.

1922இல் இறக்குமதித் தீப்பெட்டிக்கு வரி ஏறியது. அதே ஆண்டு சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொள்ளக் கல்கத்தா போனார்கள். அந்த நகரத்துக்கு இந்தத் தொழிலைக் கொண்டுவந்ததில் அங்கே குடியேறிய ஜப்பானியர்களுக்குப் பங்கு உண்டு. 1923இல் திரும்பிவந்து தொழிற்சாலை தொடங்கினார்கள். தோக்கியோ எரிந்த அதே வருஷம். தீப்பெட்டி வந்தால் லேபிள் வேண்டும். லேபிளுக்குக் கல்லச்சு வேண்டும். கல்லச்சு வந்தபின் அது சும்மா கிடக்காது. பட்டாசு லேபிள், பிறகு காலண்டர். ஜப்பானியர் விட்ட இடத்தில் சிவகாசி ஏறி உட்கார்ந்தது, ரகசியம் இவ்வளவுதான்.

காலண்டருக்குப் படம் யார் போடுவது? சி. கொண்டையராஜு. 1898இல் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் படித்துவிட்டு, உலகம் வேண்டாம் என்று திருவண்ணாமலைக்கு வந்து ரமணர் ஆசிரமத்தில் சில காலம் இருந்தவர். பிறகு நாடகக் குழு ஒன்றில் திரைச்சீலை எழுதுபவராகச் சேர்ந்து, 1940களின் தொடக்கத்தில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். அங்கே அவர் வைத்த ஸ்டூடியோவும் அவருடைய சீடர்களும் தமிழ்நாட்டின் பூஜை அறைகளை நிரப்பினார்கள். 1976இல் மறைந்தார். மீனாட்சி கல்யாணம், கஜலட்சுமி என்று நாம் கண்ணை மூடினால் தெரிகிற முகங்களில் பாதி அவர் பட்டறையில் பிறந்தவை.

யோசித்துப் பாருங்கள். தமிழ் அச்சுப் படத்தின் போக்கைத் தீர்மானித்த ஓவியர் அண்ணாமலையின் அடிவாரத்திலேயே வாழ்ந்தவர். மலை வெளுப்பதையும் கறுப்பதையும் மழை ஏறி மறைப்பதையும் தினம் பார்த்தவர். ஆனால் அவர் கையில் மலை நாடகத் திரையாகத்தான் ஆயிற்று. நாடகத்தில் காடும் அருவியும் பின்னால் தொங்கும். நடிகர் முன்னால் நிற்பார். காலண்டரிலும் அப்படியே: தெய்வம் முன்னால், மலை பின்னால், நீல வானம், வெள்ளை மேகம் இரண்டு. அண்ணாமலையார் படத்தில் மலை ஒரு முக்கோணம். நுனியில் ஒரு தீப்பிழம்பு. கீழே அண்ணாமலையாரும் உண்ணாமுலையம்மனும். நான் பார்த்த எந்தக் காலண்டரிலும் அந்த மலைமேல் மழை பெய்யவில்லை.

இதைக் குறை என்று எழுத வந்தேனா? ஆமாம், குறைதான். பக்தியைக் காரணம் காட்டித் தப்பிக்க முடியாது. ஃபூஜியும் தெய்வம்தான், அதன்மேல் ஹொக்குசாய் மின்னல் விழவைத்தார். மலையே லிங்கம் என்று சொல்கிற ஊரில், அந்த மலைக்கு வெயில் உண்டு, புயல் உண்டு, சரிவு உண்டு என்பதைப் படத்தில் பார்க்காமலே மூன்று தலைமுறை வளர்ந்திருக்கிறது.

2024 டிசம்பர் 1. முந்தின நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை ஏறி, நகர மனமில்லாமல் அங்கேயே நின்று கொட்டியது. மயிலத்திலும் ஊத்தங்கரையிலும் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. திருவண்ணாமலையில் அன்று மாலை மலையின் சரிவிலிருந்து மண்ணும் பாறையும் பிய்த்துக்கொண்டு வந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின்மேல் இறங்கின. உள்ளே 7 பேர். அவர்களில் 5 பேர் குழந்தைகள். தேசியப் பேரிடர் மீட்புப் படை மோப்ப நாய்களோடு வந்து தோண்டியது. ஒருவரும் உயிரோடு கிடைக்கவில்லை. டிசம்பர் 13ஆம் தேதி மகா தீபம். மண் இன்னும் இளகிக் கிடந்ததால் பக்தர்கள் மலையேறத் தடை விதித்தார்கள். கொப்பரையைச் சுமப்பவர்களும் தீபத் திருப்பணியாளர்களும் மட்டும் ஏறி ஏற்றினார்கள். அந்த ஆண்டு ஜூலையில்தான் ஜப்பான் அரசு ஹொக்குசாயின் பேரலையைத் தன் புது 1,000 யென் நோட்டில் அச்சடித்து வெளியிட்டிருந்தது.

ஜப்பானில் இப்படி ஒன்று நடந்தபோது அச்சுக்காரர்கள் என்ன செய்தார்கள்? 1855இல் எதோ நகரை நிலநடுக்கம் தாக்கியது. தோக்கியோவின் பழைய பெயர் அது. பூமிக்கு அடியில் கிடக்கும் பெரிய கெளுத்தி மீன் புரண்டால் நிலம் ஆடும் என்பது அங்கே நம்பிக்கை. இடிபாடு அகற்றும் முன்பே கெளுத்திப் படங்கள் தெருவுக்கு வந்துவிட்டன. கையெழுத்து இல்லை, பதிப்பாளர் பெயர் இல்லை, நூற்றுக்கணக்கான வகை. ஒன்றில் ஜனங்கள் கெளுத்தியை அடிக்கிறார்கள். இன்னொன்றில் தச்சரும் கொத்தனாரும் கெளுத்திக்கு விருந்து வைக்கிறார்கள். ஊர் இடிந்தால்தானே அவர்களுக்குக் கூலி! அழுகையும் கேலியும் ஒரே தாளில். இரண்டு மாதத்தில் அரசு தடை போட்டது. அதற்குள் வீட்டுக்கு ஒன்று போய்விட்டது. 1923க்குப் பிறகும் எரிந்த நகரத்தை மரக்கட்டையில் பதித்தார்கள்.

நமக்குத் தொலைக்காட்சித் துணுக்குகளும் கைப்பேசி வீடியோக்களும் இருக்கின்றன. அவற்றை நான் மட்டமாக நினைக்கவில்லை. முதல் நாள் செய்தி அவற்றில்தான் வந்தது. ஆனால் அவை ஒரு வாரத்தில் கீழே போய்விடும். மலை சரிந்தது என்பதை ஊர் நினைவில் வைத்திருக்க, சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும். வருஷா வருஷம் தீபத்துக்கு லட்சக்கணக்கில் அச்சாகும் அண்ணாமலைப் படங்களில் ஒன்றாவது, அந்தச் சரிவையும் மழையையும் சேர்த்து அச்சாகட்டும் என்று கேட்பது பெரிய கோரிக்கை அல்ல. சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகளில் அச்சுக்கலை படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கட்டை, உளி, மை எல்லாம் அங்கே உண்டு. திருவண்ணாமலைக்கு ஒரு பஸ் டிக்கெட்தான் பாக்கி.

யோஷிதா 1950இல் இறந்தார். மகன் தோஷியும் மரக்கட்டையிலேயே வாழ்ந்து 1995இல் மறைந்தார். அடுத்த இதழில் ‘சில்பி’ ஸ்ரீநிவாசன்: ஆனந்த விகடனுக்காகக் கோயில் கோயிலாகப் போய் உட்கார்ந்து பேனா மையில் கோபுரங்களை எழுதிய கதை.

வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பரணில், பழைய டிரங்குப் பெட்டியில், தாத்தாவின் கணக்கு நோட்டில் ஒட்டியதாக, ஜப்பான் தீப்பெட்டி லேபிளோ 1960க்கு முந்தின சிவகாசிக் காலண்டரோ இருந்தால் போகியில் போட்டுவிடாதீர்கள். முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுத்து, எந்த ஊரில் கிடைத்தது என்று ஒரு வரி எழுதி, இதழின் முகவரிக்கு அனுப்புங்கள். மலை தெரிகிற படமாக இருந்தால் அதை முதலில் அனுப்புங்கள்.